வீடு பூட்டியிருக்கு... கோலம் போட்டது யாரு?

முழு ஆண்டுத் தேர்வு முடிஞ்சாச்சு! கச்சிராயபாளையம் போகும் பஸ்சில் ஜன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை போட ரெடியாகிட்டீங்களா குட்டீஸ்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பினால், கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்துவிடும். காது அடைக்கும். தங்கச்சி பாப்பா, 'வாந்தி வருது' என்பாள். வெள்ளிமலையில் இறங்கி டீ குடித்தால் எல்லாம் சரியாகிவிடும். கரியாலூரில் படகு, அப்புறம் மேகம் அருவி, பெரியார் அருவி... மூன்று நாள் போவதே தெரியாது.

சரி, நீங்கள் மலையில் குளுகுளுவென்று இருக்கும்போது, கீழே ஒருவர் தன்னந்தனியாக வெயிலில் நின்றுகொண்டிருப்பாரே... அவரை யாராவது நினைத்தீர்களா?

உங்கள் வீட்டைத்தான் சொல்கிறேன். இந்த வாரம் அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

உடைந்த உண்டியல்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஆத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வீட்டில் எல்லாரும் கிளம்பினோம். முதல் நாள் சாயங்காலம் தெருமுனைப் பெட்டிக் கடைக்கு கமர்கட் வாங்கப் போனேன். கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 'என்னடா, ரொம்ப குஷியா இருக்கே?' என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'நாளைக்கு ஊருக்குப் போறோம். பாட்டிகூட வர்றாங்க. நாலு நாள் கழிச்சுத்தான் வருவோம்!' என்று கத்திச் சொன்னேன். பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

நாலு நாள் கழித்து வந்தோம். பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது மாட்டியிருந்த கொண்டி, கதவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே பித்தளை அண்டா இல்லை. குத்துவிளக்கு இல்லை. தாத்தா தினமும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்ளும் கைக்கடிகாரம் இல்லை. கல்யாணத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று அதைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். அலமாரிக்குக் கீழே என் மண் உண்டியல் சுக்குநூறாகக் கிடந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்த காசு.

அதற்கப்புறம் தாத்தா ரொம்ப நாள் வரை, மணி பார்ப்பதற்காக வெறும் கையைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு சிரித்துக்கொள்வார். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசையும்.

அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் மூலமாகத்தான் விஷயம் திருடனுக்குப் போனதா? இன்றுவரை தெரியாது. அவர்கள் எல்லாருமே நல்லவர்களாகக்கூட இருக்கலாம். திருட்டுக்குப் பொறுப்பு திருடியவன்தான், வாய் திறந்த பத்து வயதுப் பையன் இல்லை. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. பெட்டிக் கடையில் நான் சொன்னதைப் பெரியவனாகும் வரை வீட்டில் யாரிடமும் சொல்லவே இல்லை.

வீடு பேசும்!

ஆளில்லாத வீட்டைத் திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? வீடே அவனிடம் சொல்லிவிடுகிறது குட்டீஸ்!

நம் ஊர்த் தெருக்களில் காலையில் எழுந்ததும் என்ன நடக்கும்? வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். வரிசையாக எல்லா வாசலிலும் கோலம் இருக்க, ஒரே ஒரு வாசல் மட்டும் காய்ந்து, சருகு விழுந்து கிடந்தால்? 'இங்கே ஆள் இல்லை' என்று போர்டு எழுதி மாட்டியதற்குச் சமம். கேட்டில் செருகிய மூன்று நாள் பேப்பர், வாசலில் வெயிலில் உப்பிப்போன பால் பாக்கெட், கேட் இடுக்கில் தொங்கும் துணிக்கடை நோட்டீஸ்... எல்லாமே பேசும். ராத்திரி இருட்டாகக் கிடக்கும் வீடும் பேசும். பகலில் பன்னிரண்டு மணிக்கு எரியும் வாசல் விளக்கு இன்னும் சத்தமாகப் பேசும்! 'விளக்கைப் போட்டுவிட்டுப் போனால் ஆள் இருப்பதாக நினைப்பான்' என்று சில வீடுகளில் நாலு நாளும் எரிய விடுகிறார்கள். ராத்திரிக்கு அது சரி. பகலிலும் எரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு எரிந்து காலையில் தானே அணையும் டைமர் சுவிட்ச் கிடைக்கிறது. அது முடியாதென்றால், பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னால் போட்டு அணைத்துவிடுவார்.

இன்று சாயங்காலமே ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வெளியே தெருவில் நின்றுகொள்ளுங்கள். இது யாரோ ஒருவருடைய வீடு என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்பதை எவையெல்லாம் சொல்கின்றன? வாசலில் கிடக்கும் செருப்பு, கொடியில் காயும் துணி, குக்கர் விசில், டி.வி. சத்தம்... ஊருக்குப் போனால் இவற்றில் எதெல்லாம் காணாமல் போகும்? அந்தப் பட்டியலை அம்மாவிடம் காட்டுங்கள். அசந்துபோவார்!

அப்பா, அம்மா மறந்துவிடும் சின்ன வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முதல் நாள் பேப்பர் போடும் அண்ணனிடமும், பால்காரரிடமும் 'இத்தனை நாள் வேண்டாம்' என்று அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். இதைவிட நல்லது, பேப்பரைப் பக்கத்து வீட்டில் போடச் சொல்வது. அந்த வீட்டு அத்தையிடம், 'எங்க வாசல்லயும் ரெண்டு இழை கோலம் போட்டுடுங்க அத்தை' என்று கேட்டுவிட்டால் போதும். தெருவில் போகிறவனுக்குக் குழப்பம் வந்துவிடும். வீடு பூட்டியிருக்கு... ஆனால் கோலம் போட்டது யாரு?

சரியான கோலம் தெரியாது, வெறும் நாலு புள்ளிதான் தெரியும் என்றாலும் பரவாயில்லை. திருடன் கோலப்போட்டிக்கு மார்க் போட வரவில்லையே!

பூட்டுக்குள் ஒரு புதிர்

'நல்ல பூட்டா போட்டாச்சு, அப்புறம் என்ன கவலை?' என்பார் அப்பா. பூட்டு விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதுபோல, திண்டுக்கல் பூட்டுக்கும் 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் பூட்டு அது. மாங்காய் வடிவத்தில் இருக்கும் 'மாங்காய்ப் பூட்டு' அங்கே ரொம்ப பேமஸ்.

இந்த வகைப் பூட்டுக்குள் 'லீவர்' எனப்படும் சின்னத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியில் இருக்கும் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைத் தூக்கும். எல்லாத் தகடும் சரியான உயரத்துக்கு வந்தால்தான் பூட்டு திறக்கும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. தகடுகள் கூடக்கூட, கள்ளச்சாவி போடுவது கஷ்டம்.

திறக்கவே முடியாத பூட்டு உண்டா? லண்டனில் பிராமா என்பவரின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். 'இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு' என்று பக்கத்தில் பலகை. கினி என்பது அந்தக் காலத்துத் தங்கக் காசு. அறுபது வருஷமாக யாராலும் முடியவில்லை. 1851ல் லண்டனில் பெரிய பொருட்காட்சி நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் வந்தார். அந்தப் பூட்டோடு உட்கார்ந்தார். பதினாறு நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் போராடித் திறந்தேவிட்டார்!

நம் ஊர்த் திருடன் 51 மணி நேரமெல்லாம் உட்கார மாட்டான். அவன் பூட்டைத் தொடுவதே இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? ஒரு கடப்பாரையை விட்டு நெம்பினால் கொண்டியோ நாதாங்கியோ பிய்ந்து வந்துவிடும். ஆயிரம் ரூபாய்க்குப் பூட்டு வாங்கி, துருப்பிடித்த இருபது ரூபாய் கொண்டியில் மாட்டினால் என்ன பிரயோஜனம்? ஆகவே பூட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கொண்டி ஆடுகிறதா, திருகாணி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். முன்கதவை ஐந்து தரம் இழுத்துப் பார்க்கும் அப்பா, கொல்லைக் கதவையும் மொட்டை மாடிக் கதவையும் மறந்துவிடுவார். அதை ஞாபகப்படுத்துவது உங்கள் டிபார்ட்மென்ட்.

அப்புறம் இந்தச் சாவி! மிதியடிக்குக் கீழே, பூந்தொட்டிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குள், நிலைக்கு மேலே, பழைய ஷூவுக்குள்... நாம் சாவி ஒளித்து வைக்கும் இடம் இவ்வளவுதான். திருடனுக்கும் இந்த ஐந்தும் மனப்பாடம். கையில் கொடுக்க நம்பிக்கையான ஆள் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் பையிலேயே இருக்கட்டும்.

பூட்டே இல்லாத ஊர்

பழைய காலத்தில் என்ன செய்தார்கள்? சிலப்பதிகாரத்தில் ஒரு சுவையான விஷயம் வருகிறது. புகார் நகரத்தில் 'வெள்ளிடை மன்றம்' என்று ஓர் இடம். வெளியூர் வியாபாரிகள் தங்கள் பெயரை எழுதி, மூட்டைகளை அங்கே அடுக்கி வைத்துவிட்டுப் போவார்களாம். கதவில்லை, தாழில்லை, காவலாளியும் இல்லை. எவனாவது ஒரு மூட்டையைத் திருடித் தலையில் தூக்கினால், அவன் அங்கேயே சுற்றிச் சுற்றி வருவானாம். வெளியே போகவே முடியாதாம்! நல்ல கற்பனைதான். நம் வாசலுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மதுரைக்காஞ்சியில் வருவது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடு ராத்திரி மதுரைத் தெருக்கள். இருட்டோடு இருட்டாகத் தெரியும் உடை, இடுப்பில் சுற்றிய நூலேணி, நிலத்தைத் தோண்ட உளி... இப்படி வருகிறார்கள் திருடர்கள். அவர்கள் எங்கே ஒளிவார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் ஊர்க்காவலர்கள், தூங்காமல் சுற்றி வருகிறார்கள். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே 'நைட் ரோந்து' இருந்திருக்கிறது பாருங்கள்!

இன்றைக்கும் ரோந்து உண்டு. போலீசார் தங்கள் பகுதியில் இன்னின்ன இடங்களுக்கு வந்து போனதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட, 'பட்டா புத்தகம்' வைத்திருப்பார்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று பண்டிகை சமயத்திலும் கோடை விடுமுறையிலும் போலீசார் அறிவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் நிறையப் பேர், 'போலீஸ் ஸ்டேஷனா... நமக்கு எதுக்கு?' என்று போவதில்லை. தயங்கவே வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும், எந்தத் தெரு, எந்த நம்பருக்கு போன் செய்ய வேண்டும்... இவ்வளவு எழுதிக் கொடுத்தால், ரோந்து வருபவர் உங்கள் தெருவையும் ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்து மாநிலமான கேரளாவில் 2020ல் வந்த போலீஸ் செயலியிலேயே பூட்டிய வீட்டைப் பற்றிப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. 14 நாட்கள் வரை போலீசார் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள்.

மலையில் சிக்னல் இல்லையே!

'எங்க வீட்ல கேமரா இருக்கு. அப்பா போன்லயே வீட்டைப் பார்ப்பாரே' என்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் கல்வராயன் மலைக்குத்தானே போகிறீர்கள்! சில வளைவுகள் தாண்டியதும் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். கேமரா காட்டினாலும் பார்க்க முடியாது. பார்த்தாலும், நீங்கள் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பக்கத்து வீட்டு மாமா பத்தே அடியில் வந்துவிடுவார். அதனால் அப்பாவின் நம்பரோடு, ஊரில் இருக்கும் சித்தப்பா நம்பரையும் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் 112ஐ அழைக்கலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியுமே.

சிக்னல் கிடைத்ததும் இன்னொரு ஆபத்து. 'மேகம் அருவியில் நாங்க!' என்று குடும்பத்தோடு போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸில் போடுவார் அக்கா. நான் பெட்டிக் கடையில் நாலு பேரிடம் கத்தினேன். அக்கா நானூறு பேரிடம் கத்துகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்! எடுத்த போட்டோவெல்லாம் பத்திரமாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து போட்டால் லைக் குறைந்தா போய்விடும்?

மலையில் இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். அங்கே சில வீடுகளும் பூட்டியிருக்கும். கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பல குடும்பங்கள் வேலை தேடிக் கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்குப் போகின்றன. மிளகு பறிக்க, காபி பறிக்க... நாலு நாள் இல்லை, மாதக்கணக்கில். அது சுற்றுலா இல்லை, பிழைப்பு. அந்த வீடுகளுக்குக் கேமரா ஏது? ஊரில் தங்கிவிட்ட தாத்தா, பாட்டிதான் காவல். அவர்களைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கிளம்பும் நேரத்தில்...

திருடனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? வீட்டுக்குள்ளேயே சில வில்லன்கள் இருக்கிறார்கள். முதல் ஆள், கேஸ் சிலிண்டர். அடுப்பை அணைத்தால் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். அதற்கு இயல்பில் அவ்வளவாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த அழுகிய நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தால், லைட் சுவிட்சைத் தொடவே கூடாது. ஒரு பொறி போதும். கதவைத் திறந்து போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து, அப்புறம் 1906க்கு போன் செய்ய வேண்டும்.

அடுத்த வில்லன் குழாய். தண்ணீர் வராத நேரத்தில் திருகிப் பார்த்துவிட்டு, மூடாமலே கிளம்பிவிடுவோம். மறுநாள் தண்ணீர் வந்து, வீட்டுக்குள்ளேயே ஒரு கோமுகி அணை! எல்லாக் குழாயையும் ஒரு சுற்று பார்க்கும் வேலை உங்களுடையது. டி.வி., மிக்சி பிளக்குகளையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். கோடை இடிக்கு அதுதான் நல்லது. நாய், கோழி இருந்தால் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். யார் வீட்டில் சாப்பாடு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

யாராவது போனில், 'அப்பா எங்கேம்மா? எப்ப வருவீங்க?' என்று கேட்டால்? தெரியாத குரல் என்றால் தேதி, ஊர் எதுவும் சொல்லாமல் போனை அப்பா கையில் கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும்...

பஸ் விட்டு இறங்கியதும் ஓடிப்போய்க் கதவைத் தள்ளாதீர்கள். முதலில் பூட்டைப் பாருங்கள். உடைந்திருந்தாலோ, கதவு திறந்திருந்தாலோ உள்ளே போகக் கூடாது. உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அன்று என்ன நடந்தது தெரியுமா? தெருவே திரண்டு உள்ளே வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து பார்த்தவர் ஒருவர், பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவர், உண்டியல் ஓட்டைப் பொறுக்கியவர் ஒருவர். அப்புறம் கைரேகை எடுக்க வந்தவர்கள் பவுடர் தூவிப் பார்த்தால், தெருவில் உள்ள அத்தனை பேர் ரேகையும் இருந்தது! எது திருடனுடையது என்று எப்படிப் பிரிப்பது? உலகத்திலேயே முதல் கைரேகைப் பிரிவு நம் நாட்டில், கொல்கத்தாவில்தான் 1897ல் தொடங்கியது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகள்தான் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கப் பாடுபட்டவர்கள். அவ்வளவு பெரிய கலையை எங்கள் தெருக்காரர்கள் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டார்கள்.

ஆனால் பூட்டு பத்திரமாக, வாசலில் கோலத்தோடு இருந்தால்... அப்பாடா! பையை இறக்கி வைத்துவிட்டு, வெள்ளிமலையில் வாங்கிய தேன் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். அத்தை கோல மாவு டப்பாவோடு நிற்பார். 'நேத்து உங்க வாசல்ல மயில் போட்டேன், பார்த்தியா?' என்று கேட்பார்.

பார்க்காமல் மிதித்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று அப்போதுதான் தெரியும்!